சமையல் குறிப்பில் கிராம் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் சமையல் குறிப்புகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பவள் நான். அவற்றில் எல்லாமே 'ஒரு கப்', 'அரை கப்' என்றுதான் வருகிறது. பக்கத்திலேயே கிராம் கணக்கையும் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் புதுக்குடித்தனம் வந்த பெண்கள் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தை, எந்தக் கப்புல அளக்கணும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்கக் குறிப்புகளில் கப் என்றால் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, அரிசி குக்கரோடு தருகிற கப் 180. வீட்டு டம்ளருக்கோ கணக்கே இல்லை. உழக்கும் நாழியும் புழங்கிய நாளில் இந்தக் குழப்பம் குறைவு. வீட்டில் இருந்த ஒரே உழக்கில்தான் அம்மாவும் அளந்தாள், மகளும் அளந்தாள்.

சிலர் பொதுவாக 'ஒரு கப் 200 கிராம்' என்று சொல்லிவிடுகிறார்கள். 240 மில்லி கப்பில் சீனிக்கு அது சரி. அதே கப்பில் மைதாவை லேசாக அள்ளிப் போட்டால் 125 கிராம்தான் வரும், அமுக்கி அள்ளினால் 150 வரை போகும். தேன் 340 கிராம் நிற்கும். எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும், ஒரு லிட்டர் என்று போட்டுப் பக்கத்தில் 910 கிராம் என்று போட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகத்தான் எடை சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துப் பண்டங்களுக்கு இது இன்னும் அவசியம். உடன்குடிக் கருப்பட்டியைக் கப்பில் எப்படி அளப்பது? பெரிய துண்டாக உடைத்துப் போட்டால் பாதிக் கப் வெறும் இடைவெளி, தட்டித் தூளாக்கினால் அதே கப்பில் எவ்வளவோ கூடுதலாகப் பிடிக்கும். கல் உப்பும் அப்படித்தான், தூள் உப்பைவிட ஒரு ஸ்பூனில் எடை குறைவு. 'எலுமிச்சை அளவு புளி' என்று எழுதுகிறீர்கள். புளியங்குடிச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், எலுமிச்சையில் எத்தனை அளவு! உளுந்தும் சம்பா கோதுமையும் ஊறினால் பெருத்துவிடும், ஊறும் முன் அளந்ததா பின் அளந்ததா என்பதையும் சொன்னால்தான் வடையோ அல்வாவோ பக்குவமாக வரும்.

கப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால் எந்தப் பாத்திரத்தில் அளந்தாலும் இட்லி மாவுக்குச் சரியாகிவிடும். ஆனால் 'இரண்டு கப் மைதா, மூன்று முட்டை' என்று எழுதும்போது கப் சின்னதானால் மைதா குறையும், முட்டை குறையாது, கேக் கெட்டுவிடும். ஏலக்காய்த்தூள், சோடா உப்பு மாதிரிச் சிறு சாமான்களுக்கு ஸ்பூன் கணக்கே போதும். அடுப்படித் தராசு ஒரு கிராம், இரண்டு கிராமைச் சரியாகக் காட்டாது. அங்கே தலைதட்டிய ஸ்பூனா, குவித்த ஸ்பூனா என்று மட்டும் போட்டுவிடுங்கள்.

மளிகைக் கடையிலும் ரேஷன் கடையிலும் கிலோவில்தான் வாங்குகிறோம். கல்யாண வீடுகளுக்குத் தவசுப்பிள்ளை (சமையல்காரர்) எழுதிக் கொடுக்கும் சாமான் சீட்டிலும் பருப்பு, புளி, நெய் எல்லாம் கிலோக் கணக்குத்தான். பத்திரிகைக் குறிப்பில் மட்டும் ஏன் வராமல் இருக்க வேண்டும்?

மாதிரிக்கு, எங்கள் வீட்டு உளுந்தங்களிக் கணக்கைத் தருகிறேன். வறுத்துத் திரித்த உளுந்து மாவு 200 கிராம், பச்சரிசி மாவு 50 கிராம், தட்டிய கருப்பட்டி 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், நல்லெண்ணெய் 100 மில்லி, தலைதட்டிய அரை டீஸ்பூன் சுக்குத்தூள். இந்த விதமாக அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கல்லிடைக்குறிச்சி