சவரம் செய்யும்போதும் ஃபிரெட் மனிதன்தானா? – ஆஸ்டினிலிருந்து தம்பிக்கு

ஆஸ்டின், டெக்சாஸ்

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீயாவது விவரமாக எழுது. போனில் கேட்டால் இருவரும் "நல்லா இருக்கோம்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

ஊர் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டார்களாம். வெயிலில் விருதுநகருக்குச் சளைத்ததில்லை. ஜூலை, ஆகஸ்டில் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நகரை விட்டு வெளியே போனால் மெஸ்கீட் மரங்கள் தென்படும். நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் பேரினம்தான், முள்ளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இங்கே இறைச்சியைப் புகையில் வாட்ட அந்த விறகைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பொன்னி அரிசியும் கறிவேப்பிலையும் கிடைக்கும். முருங்கைக்காய் உறையவைத்ததுதான். போன் செய்யும் நேரத்தையும் அம்மாவிடம் சொல்லிவை: கோடையில் இந்தியாவுக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம், குளிர்காலத்தில் பதினொன்றரை. மார்ச்சிலும் நவம்பரிலும் மாறும்.

இனி உன் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். "தன்னுணர்வுள்ள செயற்கை நுண்ணறிவு" என்ற தலைப்பும், ஐந்து பெட்டி போட்ட படமும் வந்து சேர்ந்தன. நினைவு, சிந்தனை, உணர்ச்சி, சுயம், விருப்பம். தலைப்பை முடிவு செய்யும் ஜீரோத் ரிவியூவுக்கு முன் இதை நீ மாற்றியாக வேண்டும். ஏன் என்று சொல்ல, நான் இருக்கும் இந்த ஊரின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

செயற்கை நுண்ணறிவுக் கணினிகளை உருவாக்க ஜப்பான் 1982ல் ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தைத் தொடங்கியதும் அமெரிக்க நிறுவனங்களுக்குக் கலக்கம் வந்தது. பல நிறுவனங்கள் பணம் போட்டு எம்சிசி என்ற கூட்டு ஆய்வு அமைப்பை உண்டாக்கின. அதற்கு 1983ல் தேர்வான ஊர் ஆஸ்டின். மறு ஆண்டே ஸ்டான்ஃபோர்டிலிருந்து செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் டக் லெனாட் இங்கே வந்து 'சைக்' திட்டத்தைத் தொடங்கினார். மனிதர்களுக்குச் சொல்லாமலே தெரிந்த பொது அறிவு முழுவதையும், 'தண்ணீர் கீழே வழியும்', 'செத்தவர் கடைக்குப் போகமாட்டார்' என்ற அளவுக்கு, தர்க்க வாக்கியங்களாக ஆட்களைக் கொண்டு எழுதிவிடுவது. ஒரு கட்டத்துக்குப் பிறகு அது தானே படித்து வளரும் என்பது கணக்கு. இரண்டரை லட்சம் விதிகள் போதும் என்று 1986ல் மதிப்பிட்டார். அது கோடிகளைத் தாண்டியும் எழுத்து வேலை நிற்கவில்லை. 2023 ஆகஸ்டில் இறக்கும் வரை அவர் அதை விடவும் இல்லை.

இவ்வளவு பெரிய ஆசை வைத்தவரை நிரலாளர்கள் சும்மா விடுவார்களா? அவர் பெயரிலேயே ஓர் அலகு உருவாக்கினார்கள். வெத்துவேட்டுத்தனத்தை அளக்கும் அலகு லெனாட். ஒரு முழு லெனாட் அன்றாடப் புழக்கத்துக்கு மிகப் பெரியதாம், ஆகவே மைக்ரோலெனாட். தேர்வில் 'செயற்கை நுண்ணறிவே வெத்து' என்று மட்டும் விடை எழுதி, அவரிடம் ஃபெயிலான ஒரு மாணவர் கிளப்பிவிட்டது என்று நிரலாளர்களின் பழைய வழக்குச்சொல் தொகுப்பு சொல்கிறது. லெனாட்டின் நண்பர்கள் கொடுத்த பதிலடி இன்னும் நேர்த்தி: மைக்ரோலெனாட் வெத்தாகத்தான் இருக்கும், லெனாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதானே அது!

இந்த ஊர் வேலையிடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கேலிதான். மேலாளரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர்கூடத் தலைமை வடிவமைப்பாளர் போர்டில் வரைந்த பெட்டியைக் காட்டி, "இதற்குள் என்ன ஃபங்ஷன், எந்த நிரல் துண்டு, ஓடும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம். சிரிப்பு ஆளைப் பார்த்து அல்ல, பெட்டியைப் பார்த்து. அந்தக் கேள்விக்கு விடை இருந்தால் பெட்டி நிற்கும், இல்லாவிட்டால் அதை அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். நம் கல்லூரி ரிவியூக்களில் இந்தக் கேள்வியை யாரும் சிரித்துக் கேட்பதில்லை. மதிப்பெண் குறைத்துத்தான் கேட்பார்கள்.

சைக் பற்றி இரண்டு கேள்விகள் பிரசித்தம். 1986ல் அது "நான் மனிதனா?" என்று கேட்டது. பத்திரிகைகளுக்கு அது போதும். இரண்டாவது கேள்வியை நிரலாளர்கள்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஃபிரெட் என்பவர் காலையில் சவரம் செய்வதாக ஒரு கதை. மனிதருக்கு மின் உறுப்புகள் கிடையாது என்பது சைக்குக்குத் தெரியும். ஃபிரெட்டின் கையில் இருப்பதோ மின்சார ரேஸர். 'சவரம் செய்துகொண்டிருக்கும் ஃபிரெட்' என்ற முழுமைக்குள் ரேஸரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, சவரம் செய்யும்போதும் ஃபிரெட் மனிதன்தானா என்று கேட்டது.

தம்பி, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இப்படிப்பட்ட அமைப்புகளில் கேள்வி பிறப்பது ஒரே வழியில்தான்: ஒரு பொருளை ஒரு வகையில் சேர்க்கச் சில குறிப்புகள் இருக்கும், உறுதி செய்யும் கூற்று இருக்காது, அல்லது வேறொரு விதியோடு முட்டும், அப்போது இயந்திரம் எழுதுபவரிடம் கேட்கும். ஃபிரெட்டைப் பற்றிய கேள்வியில் தன்னுணர்வு இல்லை என்று நாம் ஒப்புக்கொண்டால், 'நான்' என்று தொடங்கும் கேள்வியிலும் அது இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை. உன் நிரல் "நான் யார்?" என்று திரையில் எழுதும் நாளில் நீ மகிழ்ந்துபோகக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அதற்காக சைக்கைக் கேலியோடு ஒதுக்கிவிடாதே. உள்ளே கெட்டியான பொறியியல் இருக்கிறது. ரத்தக்காட்டேரி என்று ஒன்று கிடையாது, டிராகுலா ஒரு ரத்தக்காட்டேரி: இரண்டும் நமக்குத் தெரிந்த உண்மை, ஒரே குவியலில் போட்டால் முரண்பாடு. முரண்பாடு ஒன்று உள்ளே வந்துவிட்டால் சாதாரணத் தர்க்கத்தில் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். ஆகவே அறிவை 'மைக்ரோதியரி' என்ற தனித்தனிச் சூழல்களாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குள் முரண் கூடாது, ஒன்றுக்கொன்று முரண்படலாம். வேகத்துக்கும் தீர்வு வைத்தார்கள். பொதுவான தேற்றம் நிரூபிக்கும் நிரல் ஒன்றே எல்லாவற்றையும் செய்தால் ஆமை வேகம். 'நாய் பாலூட்டி, பாலூட்டி விலங்கு' போன்ற சங்கிலிகளை வெறும் வரைபட நடையாகச் செய்யும் ஒரு சின்ன நிரல், நேரக் கணக்குக்கு இன்னொன்று என்று ஆயிரத்துக்கு மேல் சேர்த்தார்கள். இவற்றில் ஒன்றுக்கும் 'சுயம்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை பார்.

பெயர் விஷயத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ட்ரூ மெக்டெர்மட் 1976லேயே கடுமையாக எழுதிவிட்டார். நிரலின் முக்கிய ஃபங்ஷனுக்கு 'புரிந்துகொள்' என்று பெயர் வைத்தால், வைத்தவரே அது புரிந்துகொள்கிறது என்று நம்பத் தொடங்குவார். 'ஜி0034' என்று அர்த்தமில்லாத பெயர் ஒன்றை வைத்துவிட்டு, அது புரிந்துகொள்கிறது என்று மற்றவரை நம்பவைக்க முடிகிறதா பார் என்றார். 'பொதுப் பிரச்சினை தீர்ப்பான்' என்று 1950களின் இறுதியில் பெயர் வைத்த நிரலுக்கு, அது உண்மையில் செய்யும் வேலையைச் சொல்லும் சலிப்பூட்டும் பெயர் ஒன்றை வைத்திருந்தால் அத்தனை ஆரவாரம் எழுந்திருக்காது என்பதும் அவர் வாதம்.

உன் படத்தில் இதைச் செய்து பார்த்தேன். பெயர்களை அழித்துவிட்டு ஒவ்வொரு பெட்டியும் என்ன வாங்கி என்ன தருகிறது என்பதை மட்டும் எழுதினேன். பெ1: பழைய உரையாடல்களை வெக்டர்களாக (எண் வரிசைகளாக) சேமித்து, நெருக்கமான ஐந்தை எடுத்துத் தருவது. பெ2: மொழி மாடலுக்கு (சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே ஓடுவது) ஒரு அழைப்பு. பெ3: மைனஸ் ஒன்றிலிருந்து ஒன்று வரை ஓர் எண். பெ4: "நான் இப்படிப்பட்டவன்" என்று தொடங்கும் ஒரு பத்தி. பெ5: முடிக்காத வேலைகளின் பட்டியல். பெ1, 3, 4, 5 நான்கும் கடைசியில் ஒரே பிராம்ப்ட்டில் (மாடலுக்குக் கொடுக்கும் உரையில்) ஒட்டப்பட்டு பெ2வுக்குப் போகின்றன. வருவதை மறுபடி அதற்கே கொடுக்கிறாய். ஆக உன்னிடம் இருப்பது ஒரு லூப். 2023ல் ஆட்டோ-ஜிபிடி என்ற நிரல் வந்தபோது உலகமே பார்த்த லூப்தான். அது எங்கே உடையும் என்பதும் தெரிந்ததே: ஒவ்வொரு படியும் 95 சதவீதம் சரியாக இருந்தாலும், 20 படிகள் வரிசையாகச் சரியாக முடிய 36 சதவீத வாய்ப்புதான். முதலில் வந்த தவறை அதுவே அடுத்த பிராம்ப்ட்டில் உண்மையாகப் படிக்கும். செய்த வேலையையே திரும்பச் செய்யும், மாடலை ஒவ்வொரு முறை அழைப்பதற்கும் கட்டும் ஏபிஐ பில் மட்டும் ஏறும்.

"எதுவும் சொல்லித் தராமல், முன்முடிவு இல்லாமல் தானே கற்கும்" என்ற வரியையும் எடுத்துவிடு. அதற்கு எம்ஐடியில் பழைய வேடிக்கைக் கதை ஒன்று உண்டு. விளையாடப் பழக்கும் நரம்பு வலையை (மூளையைப் போல் இணைத்த, கற்கும் நிரலை) தாறுமாறாக இணைத்தால் விளையாட்டைப் பற்றி அதற்கு முன்முடிவு இருக்காது என்கிறார் மாணவர் சஸ்மன். செயற்கை நுண்ணறிவு முன்னோடி மின்ஸ்கி கண்ணை மூடிக்கொள்கிறார். ஏன் என்று கேட்டால், "அறை காலியாகட்டும் என்றுதான்" என்கிறார். முன்முடிவு இருக்கத்தான் செய்யும், என்னவென்று உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? ஆசையை விட வேண்டாம், அளக்கக்கூடிய ஒரு துண்டை எடு. மாடலுக்குத் தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது தெரிகிறதா? தன்னைப் பற்றிய அறிவில் எண்ணாக அளக்க முடிந்த பகுதி அது. அதிலும் நீ மட்டும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: தமிழில் கேட்டால் தான் அதிகம் தவறுவோம் என்று மாடலுக்குத் தெரியுமா?

நான்கு விடை கொண்ட 1000 கேள்விகள் எடு. சமச்சீர் அறிவியல் புத்தகங்கள் இரு மொழியிலும் உள்ளன, ஒரே கேள்வி இரண்டு வடிவில் கிடைக்கும். புத்தகக் கேள்விகள் மாடலின் பயிற்சித் தரவில் ஏற்கெனவே இருந்திருக்கலாம், ஆகவே பாதியையாவது எண்களையும் சூழலையும் மாற்றி நீயே எழுது. விடைகளின் வரிசையைக் குலுக்கு. முதல் விடை பக்கமே சாயும் மாடல்கள் உண்டு. 700, 800 கோடி அளவுருக்கள் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) கொண்ட திறந்த மாடலை, ஒவ்வொரு எண்ணையும் 4 பிட்டுக்குச் சுருக்கி ஏற்றினால் 5 ஜிபி நினைவகம் சுமாராகும், கூகுள் கொலாபில் இலவசமாகக் கிடைக்கும் டி4 ஜிபியு போதும். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டைக் குறி: மாடல் வாயால் சொல்லும் உறுதிச் சதவீதம், விடை எழுத்துக்கு அது உள்ளே கொடுத்த நிகழ்தகவு. இரண்டும் வேறுபடும்.

பிறகு கேள்விகளை உறுதி அளவின்படி தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சராசரி உறுதிக்கும் உண்மையில் சரியான விகிதத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார். 0–10, 10–20 என்று சம இடைவெளியில் பிரிக்காதே. மாடல்கள் 80, 90, 95 என்றே சொல்லும், கீழ்த் தொகுதிகள் காலியாகக் கிடக்கும். சம எண்ணிக்கையில் பிரி. 500 கேள்விகளை உறுதி அளவைச் சரிசெய்யவும் மீதி 500ஐச் சோதிக்கவும் வைத்தால், சோதனையில் பத்துத் தொகுதிகளுக்குத் தலா 50 வரும். அதில் பிழை விளிம்பு (தற்செயலாக வரக்கூடிய ஏற்ற இறக்கம்) 14 சதவீதப் புள்ளி வரை போகும். ஐந்தாகப் பிரித்தால் தலா 100, விளிம்பு 10க்குள்.

எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. மொத்தத்தில் 62 சதவீதம் சரி என்று தெரிந்துகொண்டு, எல்லாக் கேள்விக்கும் "62" என்றே சொல்லும் மொட்டை நிரலுக்கு இந்த இடைவெளி ஏறத்தாழப் பூஜ்யமாக வரும். அதற்குத் தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே இரண்டாவது அளவும் வேண்டும்: சரியான விடை ஒன்று, தவறான விடை ஒன்று எடுத்தால், சரியானதற்கு அதிக உறுதி காட்டுவது எத்தனை முறை? 0.5 என்றால் நாணயம் சுண்டியதற்குச் சமம். மொட்டை நிரல் அங்கே மாட்டிக்கொள்ளும். அந்த நிரலையும் எழுதி முதல் வரிசையில் வை, வைவாவில் முதலில் கேட்பது அதைத்தான்.

உரையாடலுக்குப் பழக்கிய மாடலோடு பழக்காத அடிப்படை மாடலையும் ஓட்டிப் பார். பழக்கிய பிறகு இந்த உறுதிக் கணக்கு கெட்டது என்று ஜிபிடி-4 தொழில்நுட்ப அறிக்கையிலேயே படம் போட்டிருந்தார்கள். தமிழில் அது எப்படி வருகிறது என்பதைப் பார்க்க எனக்கே ஆவலாக இருக்கிறது.

தலைப்பை "தமிழ், ஆங்கில வினாக்களில் மொழி மாடலின் உறுதி அளவுகள்" என்று வைத்து உன் கைடிடம் காட்டு. சலிப்பாக இருக்கிறது என்று சொன்னால், மேலே எழுதிய பெ1, பெ2 பட்டியலையும் சேர்த்துக் காட்டு. முதல் 50 கேள்விகளைக் கையால் எழுதி, இரு மொழியிலும் சரிபார்த்து எனக்கு அனுப்பு. தமிழ்க் கேள்வியில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்தால் மாடலின் தவறும் உன் தவறும் கலந்துவிடும், அதை நான் பார்த்துத் தருகிறேன். ஜீரோத் ரிவியூ என்றைக்கு என்று எழுத மறந்துவிட்டாய், அதையும் எழுது.

அப்பா அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அக்கா