சூரியத் தகடும் பனிவீடும் ஒரே வகுப்பில்: பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிப் பாடத்திட்டங்களை வகுக்கும் கல்வித்துறையினருக்கு,

வணக்கம்.

புதுப்பிக்கத்தக்க ஆற்றலையும் பூர்வகுடி மக்களின் தொழில்நுட்பத்தையும் மாணவர்கள் தம் கைகளால் செய்து பார்த்துக் கற்கும் திட்டங்களை மனமார வரவேற்கும் அறிவியல் ஆசிரியர்களுள் நானும் ஒருவன். ஆயினும் ஒரு குறை என்னை உறுத்துகிறது. சூரியத் தகடும் சிறு காற்றாலையும் அறிவியல் கூடத்துக்கு வருகின்றன. பூர்வகுடிகளின் படைப்புகளோ பண்பாட்டு விழாவின் காட்சிப் பொருள்களாக நின்றுவிடுகின்றன. இவ்விரண்டையும் ஒரே வகுப்பில், ஒரே அளவுகருவிகளைக் கொண்டு கற்பிக்க வழிசெய்யுமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் கட்டிய பனிவீட்டை எடுத்துக்கொள்வோம். காற்றடித்து இறுகிய பனிக்கட்டிகளுக்குள் சிறைப்பட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. படுக்கும் மேடை உயரத்திலும் நுழைவழி தாழ்விலும் இருப்பதால், குளிர்ந்த காற்று கீழே தங்க, வெதுவெதுப்பான காற்று மேடையைச் சூழ்ந்திருக்கும். மாக்கல்லில் குடைந்த விளக்கு கடல்நாய்க் கொழுப்பில் எரிந்து ஒளியும் வெப்பமும் தந்தது. பனியை உருக்கிக் குடிநீராக்கியது. ஈர உடைகளையும் உலர்த்தியது. இதைப் படத்தில் காட்டுவதோடு நிறுத்த வேண்டியதில்லை. ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்றின் வாயிலைத் தாழ்வாகவும் மற்றொன்றின் வாயிலை மேடை மட்டத்திலும் அமைத்து, உள்ளே ஒரே திறனுள்ள மின்விளக்கை எரியவிட்டு, வெப்பமானியால் அளந்து வரைபடம் வரையும் மாணவர், வெப்பச்சலனத்தைக் கற்பதோடு அதை வாழ்விடமாக்கிய மக்களின் பொறியியல் திறத்தையும் அறிந்துகொள்வார்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், எரிமலைக் குழம்பு இறுகிய புட்ஜ் பிம் நிலப்பரப்பில், குண்டிஜ்மாரா மக்கள் கற்களால் கால்வாய்களும் தடுப்புகளும் அமைத்து விலாங்கு மீன்களை வளர்த்தும் பிடித்தும் வந்தனர். 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அந்த அமைப்பின் தொன்மை சுமார் 6,600 ஆண்டுகள். இயந்திரம் எதுவுமின்றி, நீரின் போக்கையும் நிலத்தின் சரிவையும் மட்டுமே நம்பி இயங்கியது அது. மணலும் கல்லும் நிரப்பிய தட்டில் அதன் சிறு மாதிரியை மாணவர்கள் அமைக்கலாம். அதே தட்டின் சரிவில் சிறு நீர்ச்சுழலியைப் பொருத்தி மின்னழுத்தத்தையும் அளக்கலாம்.

இவற்றுக்குக் காலம் வேண்டும். ஒரு பாடவேளையில் பாகங்களை இணைத்து விளக்கை எரியவிட்டுக் கைதட்டிக் கலைவதில் கற்றல் மிகக் குறைவு என்பது என் கருத்து. தொடராக இணைந்த சூரிய மின்கலங்களுள் ஒன்றின் மீது நிழல் விழுந்தால், நிழல் மறைத்த பரப்பைக் காட்டிலும் பன்மடங்கு இழப்பு நேரலாம். காற்றின் வேகம் இரட்டித்தால் அதில் கிடைக்கும் திறன் 8 மடங்காகும். இந்த வியப்புகளை மாணவர் தாமே அளந்து காணவும், சுழலாத காற்றாலை இறக்கையை மறுவாரம் செதுக்கித் திருத்தவும் கால அட்டவணை இடம்தர வேண்டும். மதிப்பெண்ணிலும் அந்தத் திருத்தத்துக்கு ஒரு பங்கு வேண்டும்.

கற்பிப்பவர் யார் என்பதே எல்லாவற்றிலும் முதன்மையான கேள்வி. தம் பாரம்பரிய அறிவையும் அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் பேணவும் கட்டுப்படுத்தவும் பூர்வகுடி மக்களுக்குள்ள உரிமையை 2007இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பிரகடனத்தின் 31ஆம் உறுப்பு தெளிவாகக் கூறுகிறது. ஆகவே எதைக் கற்பிக்கலாம், எதைப் பொதுவில் வைக்கலாகாது என்பதை அந்தந்தச் சமூகமே முடிவுசெய்ய வேண்டும். அவர்களுள் அறிந்த பெரியோரை ஒருநாள் விருந்தினராக அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்புவது மரியாதையாகத் தோன்றலாம்; ஆண்டு முழுவதும் ஊதியத்தோடு ஆசிரியராக அமர்த்துவதே நியாயம். கருவிகளுக்கு நிதி ஒதுக்கும்போதே இந்த ஊதியத்துக்கும் தனித் தலைப்பில் நிதி ஒதுக்குங்கள். அடுத்த பாடத்திட்டத் திருத்தக் குழுவில், வரைவு எழுதத் தொடங்கும் முன்பே, அவர்களை வாக்குரிமையுள்ள உறுப்பினராகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்