சாம்பல் சுவரும் கடுகு மஞ்சளும்: புகார்

மதுரை,
20.08.2024

அனுப்புநர்:
பில்லில் கண்ட வாடிக்கையாளர், மதுரை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
பெயின்ட் நிறுவனத் தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: ஹாலுக்கு நிறம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சேவையில் குறைபாடு, சுவரை மறுபடி அடித்துத் தரவும் கட்டணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். நான் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் 27 வருடமாக நிற்கிறவன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. உங்கள் சேவை மையத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும், "கலர் உங்களுக்குப் பிடிக்கலைன்னா நாங்க என்ன சார் பண்றது?" என்றார்கள். பிடிக்காத நிறத்தைப் பற்றியது அல்ல என் புகார். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் நிறம் சொல்லிக் காசு வாங்கியதைப் பற்றியது.

எங்கள் வீடு அப்பா கட்டியது. ஹால் பதினாறு அடிக்குப் பன்னிரண்டு அடி. ஜன்னல் ஒன்றே ஒன்று, வடக்குப் பார்த்தது. தரை ரெட் ஆக்சைடு; ஐம்பது வருடம் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. சாம்பல் நிறச் சுவர் என்பது மகளின் ஆசை. அதில் எனக்கும் மறுப்பு இல்லை. சாம்பலோடு எடுப்பாக என்ன நிறம் சேர்ப்பது என்று கேட்கத்தான் 4,000 ரூபாய் கட்டி உங்கள் கலர் ஆலோசகரை வரவழைத்தோம்.

அவர் ஜூலை 7ஆம் தேதி ராத்திரி ஏழரை மணிக்கு வந்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் டேப்லெட்டால் ஹாலைப் படம் பிடித்தார், அதுவும் இடுப்புக்கு மேலே மட்டும். தரையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. திரையில் ஒரு சாம்பலைத் தட்டினார், சுவர் மாறியது. "கிரேவுக்கு எந்தக் கலரும் செட் ஆகும் சார்" என்று சொல்லி டிவி சுவருக்குக் கடுகு மஞ்சளைத் தட்டினார். குஷன் உறைக்கும் அதே மஞ்சள். பத்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார். முடிவு செய்வதற்கு முன் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துக் காட்டுவோம் என்று உங்கள் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அதைக் கேட்டேன். "ஆப்ல தெரியறதுதான் சார் சுவத்துல வரும்" என்றார்.

வந்தது வேறு. காலையில் சுவர் நீலம் பாரித்துக் கிடக்கிறது. மத்தியானம் தரையின் சிவப்பு மேலே ஏறி, சுவரின் கீழ்ப்பாதி கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடுகிறது. ராத்திரி டியூப்லைட் போட்டால் அந்தக் கடுகு மஞ்சள், சாணி மெழுகிய தொழுவச் சுவர்தான். 82 வயது அம்மா கட்டிலில் இருந்தபடியே, "ஏன்டா, செவுரு நனைஞ்சிருக்கா?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் என்ன விளக்கம் எழுத?

ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இது எங்கள் தொழிலிலும் தினமும் நடப்பது. பட்டுச் சேலை எடுக்க வரும் அம்மாக்கள் கடை விளக்கை நம்புவதில்லை. சேலையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்வார்கள். சாம்பல் என்று ஒரே நிறம் கிடையாது. எங்கள் அலமாரியிலேயே புறா நிறம், எலி நிறம், புகை நிறம் என்று இருக்கிறது. தனியாகப் பார்த்தால் எல்லாம் சாம்பல்தான். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒன்றில் நீலம் இருக்கும், ஒன்றில் பச்சை, ஒன்றில் காவி. நீங்கள் கொடுத்தது நீலம் கலந்த சாம்பல். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் பெரும்பாலும் வராது, வானத்தின் வெளிச்சம்தான் வரும். அதுவே நீலம். எங்கள் டியூப்லைட் 6500 கெல்வின், அதுவும் வெள்ளையில் நீலம். நீலத்துக்கு மேல் நீலம். கடுகு மஞ்சளோ கறுப்பு கலந்த மஞ்சள். அந்த வெளிச்சத்தில் அது பச்சைப் பக்கம் சாய்வதில் ஆச்சரியமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜவுளி வடிவமைப்பு படிக்கும் மகள் சொன்னது இது. பாரிஸில் கோப்லான் நெசவுக் கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824இல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். அங்கே சாயம் போட்ட கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நூலின் நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. 1839இல் அதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்த சாம்பல் ஊதாவாகத் தெரிவதும் இதே கணக்குதான். ஒரு புகாரை மதித்து அவர் இத்தனை தூரம் போனார். உங்கள் சேவை மையம் எனக்கு ஒரு டிக்கெட் எண் கொடுத்தது.

கடுகு மஞ்சள் கெட்ட நிறம் என்று நான் சொல்லவில்லை. வெயில் விழும் ஹாலில், காவி கலந்த சாம்பலோடு, ஒரே ஒரு குஷனில் வந்திருந்தால் நானே பாராட்டியிருப்பேன். சேலையில் உடல், பார்டர், முந்தி என்று மூன்று உண்டு அல்லவா? எங்கள் ஹாலில் சுவர்தான் உடல், தரை ஏற்கெனவே பார்டர். மாற்ற முடியாத அந்தச் சிவப்பிலிருந்துதான் முந்திக்கு நிறம் எடுக்க வேண்டும். அரக்கோ செங்கல் நிறமோ திரைச்சீலையில் கொஞ்சம், எதிரே ஒரு படச்சட்டத்தில், பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் பட்டில் வழங்கும் எம்.எஸ். புளூ மாதிரி ஓர் ஆழ்ந்த நீலம். அவ்வளவு போதும். சுவர் முழுக்க முந்தியை விரித்தால் சேலை எங்கே?

அப்புறம், சுவிட்ச் பெட்டிக்குக் கீழே ஒரு திட்டு. சிராய்த்துப்போன இடத்தைச் சரிசெய்ய உங்கள் ஆட்கள் வேறொரு டீலரிடமிருந்து ஒரு லிட்டர் டப்பா வாங்கிவந்து அடித்தார்கள். ஷேடு எண் ஒன்றுதான், நிறம் ஒன்றல்ல. முழங்கை உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, தபால் தலை ஒட்டியது போல இருக்கிறது. எல்லா டப்பாவையும் ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்கி, மிச்சத்தை எடுத்து வைப்பது எந்தப் பெயின்டருக்கும் தெரிந்த விஷயம்.

பில்லின் பின்பக்கத்தில், திரையில் தெரியும் நிறமும் சுவரில் வரும் நிறமும் மாறுபடலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதையும் படித்தேன். சரி. அப்படியென்றால் திரையைக் காட்டிக் கையெழுத்து வாங்கியது ஏன்? சுவரில் அடித்துக் காட்டுவதாகச் சொன்னதைச் செய்யாமல் விட்டது ஏன்? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

ஹாலின் நான்கு சுவர்களையும் உங்கள் செலவில் மறுபடி அடித்துத் தர வேண்டும். அதற்கு முன் மூன்று சாம்பலும் இரண்டு எடுப்பு நிறமும் சுவரில் அடித்து இரண்டு நாள் விட்டு வையுங்கள். காலை, மத்தியானம், ராத்திரி பார்த்துவிட்டு நாங்கள் சொல்கிறோம். ஆலோசனைக் கட்டணம் 4,000 ரூபாயும், உங்கள் மூலம் வாங்கிய குஷன் உறைகளுக்கான 1,350 ரூபாயும் திரும்ப வர வேண்டும். உறைகளைத் துவைக்கவில்லை, அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் நடவடிக்கை இல்லையென்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில் நகல், கையேட்டின் மூன்றாம் பக்கம், ஒரே சுவரை மூன்று வேளையில் எடுத்த படங்கள் இத்துடன் உள்ளன.

ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு அனுப்புங்கள். டேப்லெட் வேண்டாம். ஷேடு கார்டு கொண்டுவந்தால் போதும், ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்