பிள்ளைகளுக்கு முத்திரை குத்தும் அட்டைகள்: செட்டிநாட்டுப் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு, சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஒரு வண்ண அட்டை தந்தார்கள். ‘பார்த்துக் கற்பவர்’ என்று அச்சிட்டிருந்தது. அவள் தோழிக்கு ‘கேட்டுக் கற்பவர்’. வெளியூர்ப் பயிற்சி நிறுவனம் ஒன்று சில கேள்விகள் கேட்டே இதைக் கண்டுபிடித்துவிட்டதாம். கட்டணம் எங்கள் தலையில். இப்போது வரலாற்றுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னால், “எனக்குப் படமாப் பாத்தாத்தான் ஏறும் அப்பச்சி” என்கிறாள். படிக்காமல் இருக்க அச்சடித்த சாக்கு கிடைத்துவிட்டது.

இந்த வியாபாரம் ஒரு பள்ளியோடு நிற்காது என்பதால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

பிள்ளைக்குப் பிள்ளை விருப்பம் வேறுபடும், மறுக்கவில்லை. அந்த விருப்பப்படி நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும். ஹெரால்டு பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்திருந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ‘பார்ப்பவர்’, ‘கேட்பவர்’ இரு தரப்பிலும் பாதிப் பேருக்கு ஒரு முறையிலும் மீதிப் பேருக்கு மற்ற முறையிலும் கற்பித்து, கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்தால்தான் அது நியாயமான சோதனை. அப்படி நடந்த ஆய்வுகளே மிகச் சில. அவற்றிலும் பல, இந்தக் கொள்கைக்கு எதிராகவே முடிந்திருந்தன. இதைப் பள்ளிக்குள் கொண்டுவரப் போதிய ஆதாரமில்லை என்று எழுதினார்கள். முறையைத் தீர்மானிப்பது பாடம்தான். தேசப்படத்தைக் காதால் படிக்க முடியாது. வெண்பாவின் ஓசையைக் கண்ணால் பிடிக்க முடியாது. எந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான்.

சரி, எதற்கு ஆதாரம் இருக்கிறது? ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். சிலர் அதையே திரும்பப் படித்தார்கள். சிலர் மூடிவைத்துவிட்டு நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். 2006-இல் வெளிவந்த ஆய்வு இது. நம் பழைய திண்ணைப் பள்ளியின் எண்சுவடி (வாய்ப்பாடு) ஒப்பிப்பைக் கண்மூடிப் புகழ நான் தயாரில்லை, பிரம்படியும் அதோடு சேர்ந்தே வந்தது. ஆனாலும் பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது என்ற பகுதியில் சத்து இருந்திருக்கிறது.

இன்னொன்று. பூ வேலைப்பாட்டுத் தரை டைல்ஸ் செய்யும் ஆத்தங்குடிக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிறீர்கள். அடுத்த முறை அங்கே தொழில் பழகும் ஆளைக் கவனியுங்கள். நான் பார்த்த பட்டறையில் புதுப் பையனுக்கு முதல் வேலை, டைல்ஸ் வார்க்கும் கண்ணாடியைத் துடைத்து வைப்பது. பிறகு ஓரப் பட்டைக்கு மட்டும் சாயக் கலவை ஊற்ற விட்டார்கள். நடுப்பூவைப் பெரியவரே ஊற்றினார். பையன் கரண்டி தடுமாறினால் அவர் திட்டவில்லை, மணிக்கட்டைப் பிடித்துச் சாய்வை மாற்றினார். கை பழகியதும் விட்டுவிட்டார். ரங்கூன், பினாங்கு வட்டிக்கடைகளில் கடைநிலைப் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாளாகி (உதவியாளர்), பிறகு கடையை நடத்தும் ஏஜெண்டான நம் ஐயாக்கள் கற்றதும் இப்படித்தான். தனியாகச் செய்ய வராததைத் துணையோடு செய்ய வரும், கற்பித்தல் அந்த இடைவெளியில்தான் நடக்க வேண்டும் என்றார் 1934-இல் மறைந்த ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. பி.எட். படித்த உங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் இதைத் தேர்வில் எழுதித்தான் வந்திருப்பார்கள். ஆனால் அறுபது பேர் உள்ள வகுப்பில் யார் மணிக்கட்டை யார் பிடிப்பது? அதற்குத்தான் ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். அட்டைக்கான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதீர்கள். அந்தப் பணத்தில் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் துணை ஆசிரியர் ஒருவரையாவது போடுங்கள். ஒவ்வொரு பீரியடின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம், போன வாரப் பாடத்திலிருந்து இரண்டு கேள்வி, புத்தகம் மூடியிருக்கட்டும். அதற்கு மதிப்பெண் வேண்டாம், ரேங்க் வேண்டாம். முக்கியமாக, அதை வாட்ஸ்அப் குழுவில் எங்களுக்கு அனுப்பவே வேண்டாம்; அனுப்பினால் நாங்களே அதையும் டியூஷனாக்கிக் கெடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை