வாசலில் இருந்ததைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையில் பிரான்ஸைப் புகழ்ந்து வந்த கட்டுரையில் ஒரு வரி: "நம்மவர்களும் பொட்டு, பர்தா, சிலுவையை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்." நல்ல யோசனை. எழுதியவர் அரசையும் மதத்தையும் பிரித்த அந்த நாட்டின் 1905 சட்டத்தைப் பாதியில் மூடிவைத்துவிட்டார் போலும். பாதிரிமாருக்குச் சம்பளம் கொடுப்பதை அரசு நிறுத்தியது அதில்தான். பொதுக் கட்டடங்களில் இனிமேல் மதச் சின்னம் வைக்கக்கூடாது என்று சொல்வது அதன் 28ஆம் பிரிவு. ஊழியருக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு, சரி. ஆனால் முதலில் கழற்றியது அரசு. தங்களுக்குத் தெரியாததல்ல.

மட்டக்களப்பில் ஒரு அரச கந்தோரில் இருபத்தெட்டு வருடம் இலிகிதராக இருந்தவன் நான். பக்கத்து மேசை காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை. 2019இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு எல்லாருக்கும் பயம். ஒருநாள் காலை காவலாளி அவவை வாசலில் நிறுத்தி முக்காட்டைக் கழற்றச் சொன்னார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றா. நெற்றி நிறையத் திருநீற்றோடு பின்னால் நின்ற எனக்கு, பையைக்கூடப் பார்க்காமல், "நீங்க போங்க ஐயா." நானும் போய்விட்டேன். அன்று மத்தியானம்வரை அவ என்னோடு கதைக்கவில்லை.

அதே வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தர், இரவும் பகலும் மின்குமிழ். கந்தோர் மின்கட்டணத்தில்தான் எரிந்தது, வவுச்சர் எழுதியதே நான். வெசாக்குக்கு ஆளுக்கு நூறு ரூபாய். கொடுக்காவிட்டால் ஒருவரும் ஏசமாட்டார்கள், பட்டியலில் பெயருக்கு நேரே வெறுமையாக விடுவார்கள். எங்கள் ஆட்கள் மட்டும் என்னவாம்? வாணிவிழாவுக்கு நாங்களும் அதே பட்டியலைத்தான் நீட்டினோம்.

ஒரு மதத்தாருக்கு மட்டும் சலுகை தரும் சட்டம் கூடாது என்ற இலங்கையின் பழைய சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு 1972இல் போயிற்று. இப்போது இருப்பது பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கும் 9ஆம் உறுப்புரை. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. போன வருடம் நான் எழுதிய கடிதத்திலும் அந்த வரியைத்தான் வெட்டினீர்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த 28ஆம் பிரிவைத் தமிழில் இரண்டு வரி போடுங்கள், மரண அறிவித்தலுக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை. கட்டுரையாளரின் படத்தில் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு தெரிகிறது. அது அப்படியே இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற இலிகிதர்,
கல்லடி.