உர ஆலைக் கழிவையும் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்திருக்கும் அனல்மின் நிலையச் சாம்பல் பற்றிய கட்டுரை கண்டேன். இன்னொரு கழிவையும் அதில் சேர்த்திருக்கலாம்: பாஸ்பேட் உரம் தயாரிக்கையில் மிஞ்சும் ஜிப்சம். கதிரியக்கம் என்றதும் கல்பாக்கமும் கூடங்குளமும் நினைவுக்கு வருகின்றன. உர மூட்டை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். பாஸ்பேட் பாறையில் இயற்கையாகவே யுரேனியம் உண்டு. பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் யுரேனியத்தில் பெரும்பகுதி பாஸ்பாரிக் அமிலத்தோடு போய்விடும். யுரேனியம் சிதைந்து உண்டான, கதிரியக்கமுள்ள ரேடியமோ ஜிப்சத்தில் தங்கிவிடும். அந்த ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். ஒரு டன் அமிலத்துக்கு ஏறத்தாழ ஐந்து டன் ஜிப்சம் சேர்கிறது.

ஸ்பெயின் நாட்டின் உவெல்வா நகரில் நடந்ததை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடியெல், டின்டோ ஆறுகள் கடலைச் சேரும் சதுப்பில், 1968 முதல் 2010 வரை, அடியில் எந்தத் தடுப்பும் இல்லாமல் இந்த ஜிப்சத்தைக் குவித்தார்கள். சுமார் 1,200 ஹெக்டேரில் 10 கோடி டன்! குடியிருப்புகள் ஒரு கிலோமீட்டர் தொலைவில்கூட இல்லை. ஒரு பகுதியை 1990களின் பிற்பகுதிவரை நேராக ஆற்றிலேயே விட்டார்கள். 1998இல் அல்ஹெசிராஸ் அருகே ஓர் எஃகு ஆலையில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் தவறுதலாக உருகிக் கலந்தபோது, அந்தக் கழிவில் ஒரு பகுதியும் இதே சதுப்புக்குத்தான் வந்து சேர்ந்தது. படித்தபோது என் மனம் கொதித்தது. ஆனால் அங்கே அளந்தார்கள். கழிமுகச் சேற்றில் ரேடியம் கூடியிருந்ததையும், ஆற்றில் விடுவது நின்றபின் அது குறைந்துவந்ததையும் ஆய்வாளர்கள் எண்களோடு வெளியிட்டார்கள்.

எண்ணூரில் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கரையேறிய பிறகும் அவர்களின் நகக்கண்களில் அந்தச் சேறு கறுப்பாக ஒட்டியிருக்கும். எண்ணூரிலும் பாஸ்பேட் உரம் தயாராகிறது. அந்தச் சேற்றில் ரேடியம் கூடியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அளந்து சொல்லுங்கள் என்று கேட்கிறேன். சேறு, பச்சைச் சிப்பி, இறால் மூன்றிலும் ரேடியத்தையும், அதே சிதைவு வரிசையில் உண்டாகும் பொலோனியத்தையும் ஆண்டுதோறும் அளக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்ய வேண்டும். முடிவுகளைத் தமிழில் அச்சிட்டு, மீன் ஏலம் போடும் இடத்தில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருவொற்றியூர்.