மிருக வைத்திய நிலையங்களிலும் தடுப்பூசி முகாம்களிலும் நாய், பூனைகளைப் பாதுகாப்பாகப் பிடிக்கப் பயிற்சியும் வசதியும் கோரும் மனு

அனுப்புநர்:
கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, வெள்ளவத்தைப் பகுதிகளில் நாய், பூனை வளர்க்கும் குடியிருப்பாளர்கள்

பெறுநர்:
பிரதம மாநகர மிருக வைத்திய அதிகாரி,
பொதுச் சுகாதாரத் திணைக்களம்,
கொழும்பு மாநகர சபை,
நகர மண்டபம், கொழும்பு 07

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

நாய்க்கோ பூனைக்கோ ஊசி போடுவது ஒரு நிமிட வேலை. அதற்கு முன் அதைப் பிடித்துக்கொள்வதுதான் பெரும்பாடு. ஆட்கள் கடிபடுவது அங்கேதான். மிருகம் காயப்படுவதும் அங்கேதான். "இனி இதை இங்கே கொண்டுவரவே மாட்டேன்" என்று வீட்டார் முடிவெடுப்பதும் அங்கேதான். இந்த ஒரு விடயத்தில் தங்கள் அலுவலகம் கொஞ்சம் அக்கறை எடுத்தால் நகரத்தில் பல காரியங்கள் சரியாகும் என்று நம்பி இந்த மனுவை எழுதுகிறோம்.

எங்கள் சார்பில் இதை எழுதும் நான், தனியார் மிருக வைத்திய நிலையமொன்றில் சில வருடங்கள் உதவியாளராக வேலை செய்தவள். வைத்தியர் ஊசி ஏற்றும்போதும் காயம் கழுவும்போதும் மிருகத்தைப் பிடித்துக் கொடுப்பதே என் வேலை. கீழே கையொப்பமிட்டுள்ள மற்றவர்கள் வீட்டில் நாய், பூனை வளர்ப்பவர்கள். தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் தெரு நாய்களுக்குச் சோறு வைப்பவர்களும் இருக்கிறார்கள். எந்தவொரு நிலையத்தின் மீதும் முறைப்பாடு செய்வது எங்கள் நோக்கமல்ல. பொதுவாகக் காண்பதைத்தான் சொல்கிறோம்.

முதலில் இது ஏன் சுகாதாரப் பிரச்சினை என்பதைச் சொல்லிவிடுகிறோம். 1893ஆம் ஆண்டிலிருந்தே விசர்நாய்க்கடி நோய்க்கென்று தனிக் கட்டளைச் சட்டம் இருக்கும் நாடு இது. மனிதருக்கு இந்நோய் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களால்தான் என்றும், ஓரிடத்து நாய்களில் 70 வீதத்துக்காவது தடுப்பூசி போட்டால்தான் பரவல் அறும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாயால் மனிதருக்கு வரும் இந்நோயில் 2030க்குள் ஒரு உயிர்கூடப் போகக்கூடாது என்பது உலக நாடுகளின் இலக்கு. தடுப்பூசி இலவசமாகக் கிடைத்தும் போன வருடம் வந்த நாய் இந்த வருடம் ஏன் வரவில்லை என்று எங்கள் ஒழுங்கைகளில் கேட்டுப் பாருங்கள். "அண்டைக்குப் பட்ட பாடு போதும்" என்ற பதில் கட்டாயம் வரும். கழுத்தில் சுருக்குப் போட்டு இழுத்ததை நாயும் மறப்பதில்லை, நாயை வளர்ப்பவரும் மறப்பதில்லை. 70 வீதம் என்ற கணக்கில் இப்படித்தான் ஓட்டை விழுகிறது.

முகாமொன்றில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். ஒரு வயதான அம்மா தன் பூனையை உரப்பைக்குள் போட்டு, வாயைக் கயிற்றால் கட்டி ஓட்டோவில் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் நாலைந்து நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. பை அசையவே இல்லை, உள்ளே பூனை உறைந்துபோயிருந்தது. பிடிக்க வந்த பையன் பையின் வாயை அவிழ்த்து, கையை உள்ளே விட்டு, பிடரியில் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினான். பூனை பின்னங்கால் இரண்டையும் மேலே கொண்டுவந்து அவன் மணிக்கட்டைக் கிழித்தது. அவன் கையை உதற, அது பாய்ந்து அந்த அம்மாவின் பெருவிரலடியில் கடித்துவிட்டு ஓடியது. அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவனுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஒரு துவாய்கூட அங்கே இருக்கவில்லை. பூனை கடைசி வரை ஊசி போடப்படாமலே போனது.

தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்வித்தானே தூக்குகிறது என்று பலர் கேட்பார்கள். அது குட்டி பிறந்த முதல் சில வாரங்களுக்குத்தான் பொருந்தும். வளர்ந்த பூனை அப்படித் தூக்கப்படும்போது அசையாமல் இருந்தால் அது அமைதியல்ல, பயத்தில் விறைத்துப் போனதே. அமெரிக்க, சர்வதேசப் பூனை மருத்துவர் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட வழிகாட்டி இந்தப் பிடரிப் பிடியைத் தவிர்க்கச் சொல்கிறது.

அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது கடினமானதல்ல. பூனை வந்த கூடையை நாய்கள் இல்லாத மூலையில், தரையில் வைக்காமல் ஒரு கதிரையிலோ மேசையிலோ வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட வேண்டும். மேல் மூடி கழரும் கூடையென்றால் மூடியை மட்டும் எடுத்துவிட்டு, கீழ்ப் பாதிக்குள் இருந்தபடியே பூனையைப் பார்க்கலாம். இழுத்து எடுக்கத் தேவையில்லை, கவிழ்த்துக் கொட்டவும் கூடாது. தலையைத் துவாயால் மூடி, தோலுக்குக் கீழே போடும் ஊசியை அப்படியே போட்டுவிடலாம். பல பூனைகள் அசைவதுகூட இல்லை.

துள்ளும் பூனையென்றால் மேசையில் துவாயை விரித்து, அதன் நடுவில் பூனையை இருத்தி, ஒரு பக்கத்தைக் கழுத்தடியால் கொண்டுவந்து மறு தோளின் மேல் சுற்ற வேண்டும். பிறகு மற்றப் பக்கத்தையும் அதேபோல் சுற்றினால் தலை மட்டும் வெளியே நிற்கும், நாலு காலும் உள்ளே அடங்கும். கழுத்தடியில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு வேண்டும். தேவையான காலை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். சுற்றிய பிறகும் காதைப் பின்னால் மடித்து, கண்மணி விரிந்து, உறுமிக்கொண்டே இருந்தால் அன்று விட்டுவிட வேண்டும். அடுத்த முறை வீட்டிலிருந்து புறப்படுமுன் கொடுப்பதற்கு, பயம் தணிக்கும் மருந்தை வைத்தியர் எழுதிக் கொடுக்கலாம். ஆளுக்கு மேல் ஆளாகச் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நாய் விடயம் வேறு. கடிப்பதற்கு முன் நாய் பலமுறை சொல்லிவிடுகிறது, நாங்கள்தான் கவனிப்பதில்லை. வாலை இடுக்கும், உதட்டை நக்கும், நித்திரை இல்லாமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், அப்புறம் உடம்பு விறைக்கும். உறுமினால் பலர் அடிக்கிறார்கள். உறுமலை அடித்து நிறுத்தப் பழக்கிய நாய், அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். முகத்துக்கு நேரே குனியாமல் பக்கவாட்டில் நின்று, அது மணந்து பார்க்க நேரம் கொடுத்தாலே பாதி நாய்கள் இளகிவிடும். வழுக்கும் டைல்ஸ் தரையும் பளபளக்கும் இரும்பு மேசையும் நாயை இன்னும் வெருட்டும். கால் ஊன்ற ஒரு றப்பர் விரிப்புப் போட்டாலே அதன் துடிப்பு பாதியாகக் குறைவதை நான் நெடுகக் கண்டிருக்கிறேன்.

வாய்ப்பூட்டுப் பற்றியும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரத்துக்குக் கட்டும் துணிப் பூட்டை எங்கும் பிழையாகவே கட்டுகிறார்கள். நீளமான பண்டேஜ் துணியில் பெரிய சுருக்கொன்று போட்டு, நாயின் பக்கத்தில் நின்றபடி அதன் மூக்குத் தண்டின் மேல் நழுவவிட்டு இறுக்கி, இரு முனைகளையும் தாடைக்குக் கீழே குறுக்காக எடுத்து, காதுகளுக்குப் பின்னால் கட்ட வேண்டும். ஒரே இழுவையில் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும். நாய் உடம்புச் சூட்டை ஆற்றுவது பெரும்பாலும் வாயைத் திறந்து இளைத்துத்தான். கொழும்பு வெயிலில், கூரையில்லாத முகாமில், வாயைக் கட்டி வரிசையில் நிறுத்தி வைத்தால் அது சூட்டில் சுருண்டு விழலாம். வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலில் அடைக்கும். ஆகவே துணிப் பூட்டு ஊசி போடும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டுந்தான். காத்திருக்கும் நேரத்துக்கு வாய் திறக்க இடமுள்ள கூடைப் பூட்டுத்தான் ஏற்றது. அதைப் போட்டபடி நாய் இளைக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குத் துணிப் பூட்டுப் போடவே கூடாது. சுருட்டிய துவாயைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் தலை திரும்பாது, அது போதும்.

பிடிக்கும் முறையும் அப்படித்தான். ஒரு கையைக் கழுத்துக்குக் கீழால் கொடுத்துத் தலையைத் தன் தோளோடு அணைத்து, மறு கையால் பின்புறத்தைச் சுற்றி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டால் நாய்க்குத் தாங்கல் கிடைக்கிறது. கழுத்துப் பட்டியில் தொங்கவிடும் பிடியில் அதற்கு மூச்சுத்தான் திணறுகிறது. மேசையில் ஏற்றிய மிருகத்தின் மேலிருந்து ஒரு கையை எப்போதும் எடுக்கக்கூடாது. தடியில் பொருத்திய சுருக்குக் கயிறு, கிட்டவே போக முடியாத நாய்க்கான கடைசி வழி. அதைப் பூனையின் கழுத்தில் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பிடிப்பவர்களின் பாதுகாப்புக்காகவும் நாங்கள் பேச வேண்டும், அவர்களும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். பூனைப் பல் ஊசிபோல. தோலில் ஒரு புள்ளிதான் தெரியும், கிருமியோ ஆழத்தில் போய்விடும். அடுத்த நாளே கை வீங்கி விரல் மடக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். கடித்தாலோ கீறினாலோ உடனே ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான் பார்த்த முகாம்கள் பலவற்றில் ஒரு தண்ணீர்க் குழாயும் இல்லை, சவர்க்காரக் கட்டியும் இல்லை. மிருகங்களைப் பிடிக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே விசர்நாய்க்கடித் தடுப்பூசி கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று என இரண்டே முறை. நாட்கூலிக்கு வரும் பையன்களுக்கும் இது கிடைத்திருக்கிறதா என்பதைத் தயவுசெய்து விசாரியுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "தலையைத் திருப்பிப் பிடியுங்கள்", "கையை எடுங்கள்" என்ற சொற்கள் அந்தக் கணத்திலேயே விளங்க வேண்டியவை. சிங்களத்தில் சொன்னது விளங்காமல் கையை நாயின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர்கள் எங்கள் பகுதிகளில் இருக்கிறார்கள். தமிழ் பேசுவோர் அதிகமுள்ள இடங்களில் நடக்கும் முகாமுக்குத் தமிழ் தெரிந்த ஒருவராவது வரவேண்டும்.

ஆகவே தங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். முகாம்களில் மிருகங்களைப் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும், நாட்கூலிக்கு வருபவர் உட்பட, கையால் செய்து பழகும் பயிற்சி கொடுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் உதவியைக் கேட்டால் இதற்கு நல்ல ஆசிரியர்கள் கிடைப்பார்கள். ஒவ்வொரு முகாமுக்கும் பல அளவுகளில் கூடைப் பூட்டுகள், போதிய துவாய்கள், றப்பர் விரிப்பு, நிழல், தண்ணீர், சவர்க்காரம் ஆகியவை போகட்டும். செலவு பெரிதல்ல, பழைய துவாய்களை நாங்களே சேர்த்துத் தருகிறோம். பூனைகளுக்கென்று தனி நேரம் ஒதுக்குங்கள். இது ஒன்றைச் செய்தாலே முகாமின் கூச்சல் பாதி அடங்கும். தடுப்பூசி அட்டையில் "இது வெருளும், பூட்டுத் தேவை", "துவாயில் சுற்றினால் அடங்கும்" என்று ஒரு வரி எழுதி வைத்தால் அடுத்த முறை பிடிப்பவருக்கு அது பெரிய உதவி. நகரத்திலுள்ள தனியார் நிலையங்களுக்கும் இதே விடயங்களை அறிவுறுத்தி ஒரு கடிதம் அனுப்புங்கள்.

வீட்டாரின் பங்கை நாங்கள் மறக்கவில்லை. உரப்பை வேண்டாம், காற்றுத் துளையிட்ட பலமான மட்டைப் பெட்டியாவது வேண்டும். பூனைக் கூடையை முகாம் நாளில் மட்டும் இறக்காமல் வீட்டில் திறந்து வைத்து, உள்ளே பழைய சீலைத் துண்டும் ஒரு துண்டு மீனும் வைத்தால் பூனை தானாகவே போய்ப் படுக்கும். வாய்ப்பூட்டுக்குள் ஈரல் துண்டு வைத்துக் கொடுத்துப் பழக்கினால் நாய் தானே மூக்கை நீட்டும். இவற்றைப் படத்தோடு தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமாகத் தங்கள் அலுவலகம் அச்சிட்டுத் தந்தால், வீடு வீடாகக் கொடுத்து விளக்குவது எங்கள் பொறுப்பு. தேவையென்றால் அதன் தமிழ் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன்.

செப்டெம்பர் 28ஆம் திகதி உலக விசர்நாய்க்கடி நோய்த் தினம். அதற்கு முன்பாவது முதல் பயிற்சியை நடத்த முடியுமா என்பதைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். தங்களை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தந்தால் எங்களில் சிலர் வந்து, துவாயில் சுற்றும் முறையையும் பூட்டுக் கட்டும் முறையையும் செய்தே காட்டுவோம். இந்த மனு கிடைத்ததற்கான பதிலைத் தமிழில் எழுத்து மூலம் அனுப்பிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்குறித்த பகுதிகளின் குடியிருப்பாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)